அமெரிக்காவுக்காக நான் உதறிய கை

செல்வத்துக்கு அப்பா எழுதுவது.

உன் கார்டு வந்தது. கல்யாண வேலையெல்லாம் அதுபாட்டுக்கு நடக்கிறது, பந்தலுக்கும் மேளத்துக்கும் சொல்லியாயிற்று. விக்கிரவாண்டி சம்பந்தியும் இரண்டு தரம் வந்து போய்விட்டார். நல்ல மனுஷர். நீ கார்டில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: "விழுப்புரம் மாமாவுக்கு நீங்களே நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்." அதைப் படித்துவிட்டு உன் அம்மாவைப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை வைக்கப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போவதுதானே வழக்கம். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஒடச்சது நீங்க. நீங்களே போயி ஒட்டவச்சிட்டு வாங்க. நான் வர்ல" என்றாள். சரி என்று தனியாகப் போய் வந்தேன். அங்கே நடந்ததை நீ வந்தபின் நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்பன் குரல் வந்துவிடும், அதட்டலாகத்தான் பேசுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன்னை நான் ஒருநாளும் கடலை மண்டியில் உட்காரவைத்ததில்லை. நீ மெஷின் வேலை படித்து முன்னுக்கு வர வேண்டும் என்று இருந்தேன். அதனால் துண்டு வியாபாரம் உனக்குத் தெரிந்திருக்காது. மல்லாட்டை மூட்டை வந்து இறங்கியதும் விற்கிறவனும் வாங்குகிறவனும் எதிரெதிரே உட்காருவோம். கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவோம். எந்த விரலைத் தொட்டால் எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் முடிந்தது என்று அர்த்தம். கையை உருவிக்கொண்டால் வியாபாரம் இல்லை. பிடித்த கையை மெல்லத் திருப்பி உள்ளங்கையைக் கவிழ்த்துவிட்டால் சரக்கு வேறு கைக்குப் போய்விட்டது, நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இத்தனையும் நடக்கும்போது வாய் சும்மா இருக்காது. "இந்த வெலைக்கு ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி வறுத்துத் தின்னு" என்று ஒருவன் கத்துவான். "சொத்தைய கொண்டாந்துட்டு பேச்சப் பாரு" என்று மற்றவன் கத்துவான். அதெல்லாம் சுற்றி நிற்கிறவர்களுக்காக. வாய் கூட்டத்துக்கு, விரல் காரியத்துக்கு. இருபது வருஷம் நான் சோறு தின்றது இந்த வித்தையால்தான். உள்ளுக்குள் எனக்கு இதில் ஒரு கூச்சமும் இருந்தது. மனதில் இருப்பதை வாயால் சொல்ல முடியாத தொழில் என்ன தொழில் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கூச்சம்தான் என்னை அமெரிக்காவில் கொண்டுபோய் விட்டது. அறுபத்திநாலில் அங்கே ஜனாதிபதி எலெக்ஷன் வந்தது உனக்கு மறந்திருக்காது. மறக்க நான் விடவில்லையே. மெட்ராஸிலிருந்து எனக்கு இனாமாக ஒரு அமெரிக்கப் பத்திரிகை தபாலில் வந்துகொண்டிருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ராத்திரி ரேடியோவில் கரகரவென்று வருவதையும் கேட்பேன். யானைச் சின்னக் கட்சி சார்பில் நின்ற மனிதரை எனக்கு அப்படிப் பிடித்துவிட்டது. சர்க்கார் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். அவனவன் தன் கையை ஊன்றி எழுந்திருக்க வேண்டும் என்றார். கம்யூனிஸ்டுக்காரனிடம் வழவழவென்று பேசினால் வாசல்வரை வந்துவிடுவான் என்றார். சீனாக்காரன் நம்மை அடித்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை அப்போது. எல்லாவற்றுக்கும் மேலே, வயசானவர்கள் நிறைந்த ஊரிலேயே போய் நின்று பென்ஷன் ஏற்பாட்டைக் குறை சொன்னாராம், விவசாயிகளிடமே போய் மானியம் கூடாது என்றாராம். ஓட்டுப் போனாலும் பரவாயில்லை என்று மனதில் உள்ளதை வாயால் சொல்லும் ஒருவர். எனக்குத் துண்டே இல்லாத வியாபாரியைப் பார்த்தது போல இருந்தது.

நம் படிப்பகத்தில் சாயங்காலம் நாலு பேர் கூடுவார்கள். அவர்களுக்கு நான்தான் வியாக்கியானம். "அடுப்ப எப்ப மூட்டணும்னு தாசில்தாரா வந்து சொல்லணும்? மூட்டைய ஓலக்கூரு எல்லை தாண்டி எடுத்துக்கினு போவ ஒரு பர்மிட்டு, மில்லு வெக்க ஒரு லைசென்ஸு. நாளைக்கி மூச்சு உடறதுக்கும் மனு போடச் சொல்வான். அங்க ஒருத்தர் இதெல்லாம் தப்புன்னு தைரியமா பேசிக்கினு கீறாரு. நம்ம ஊர்ல யாரு பேசறா?" என்று கேட்பேன். தலையாட்டுவார்கள். நாலு பேர் பத்துப் பேரானார்கள். 'அமெரிக்கா மண்டிக்காரர்' என்று பேர் வந்தது. செக்குமாடு போல மூட்டையையே சுற்றி வந்தவனுக்கு ஒரு மேடை கிடைத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். நான் பேசியது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பேசப் பேச எனக்குக் கைதட்டல் தேவைப்பட்டது, அதுதான் தப்பு.

ஏகாம்பரம் மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? விழுப்புரத்தில் எண்ணெய் மில்களுக்கு மல்லாட்டை பிடித்துக் கொடுக்கிறவர், எனக்கு உயிர்ச் சிநேகிதர். நீ விழுப்புரத்துக்கு ரயிலில் போய்த் தொழில் படித்த இரண்டு வருஷமும் மத்தியானம் உனக்குக் கேப்பைக் களியும் கீரையும் அந்த வீட்டில்தான். அவர் மகள் கஸ்தூரி பரிமாறிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாளாம், நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாயாம். மாமாதான் சொல்லிச் சிரிப்பார். படிப்பு முடிந்த பிறகும் உனக்கு விழுப்புரத்தில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. உன் அம்மாவுக்கும் எனக்கும் அது தெரியும், அந்த வீட்டிலும் தெரியும். தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம்.

அந்த மாமா, அமெரிக்கா விஷயத்தில் எனக்கு எதிர்ப்பக்கம், கழுதைச் சின்னக் கட்சி. "பசின்னு கை நீட்டனப்ப கப்பல்ல கோதுமை அனுப்பனவங்கய்யா அவங்க. ஒங்காளு வந்தா குண்டப் போட்டு ஒலகத்தையே கொளுத்திடுவாரு" என்பார். அவருக்கும் விழுப்புரத்தில் கேட்க நாலு பேர் இருந்தார்கள். முதலில் சிரித்துக்கொண்டுதான் சண்டை போட்டோம். நான் போனால் அவர் வம்புக்கு இழுப்பார், அவர் வந்தால் நான். பிறகு ஒருநாள் படிப்பகத்தில் ஒருவர் என்னைச் சீண்டினார். "என்னாங்க, ஒங்க சம்பந்தியே கழுதை கட்சியாமே?" என்றார். கூட்டம் என் வாயையே பார்த்தது. நான், "அதான் யோசிக்கிறேன். கழுதைக்கு வக்காலத்து வாங்கறவரு ஊட்ல பொண்ணெடுத்தா, பொறக்கற புள்ள பிளிறுமா கத்துமான்னு பாக்கணுமே" என்றேன்.

எப்படிச் சிரித்தார்கள் தெரியுமா. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் பேரில் சொன்ன வார்த்தை என்று அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் உன் அம்மாவுக்குச் சேதி வந்துவிட்டது. "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நாளைக்கி அந்தப் பொண்ணு இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க வேணாமா?" என்று கேட்டாள். நீ கிணற்றடியில் நின்றிருந்தாய். கால் கழுவிக்கொண்டே மெதுவாக, "அப்பா, அங்க யாரு ஜெயிச்சா நமக்கு என்னாப்பா?" என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது. "ஒனக்கு என்னாடா தெரியும் ஒலகம்? கொள்கைன்னா என்னான்னு தெரியுமா?" என்று கத்தினேன். நீ வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய்.

தீபாவளி முடிந்த கையோடு முடிவு வந்தது. யானைக்காரர் சாதாரணமாகத் தோற்கவில்லை, மண்ணைக் கவ்வினார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்போது பார்த்து விழுப்புரத்தில் ஒரு லாட் மல்லாட்டை விற்க வேண்டியிருந்தது. போனேன். மண்டிக்குள் கால் வைத்ததுமே, "யானைக்கும் அடி சறுக்கும்டோய்" என்று ஒரு குரல். ஏகாம்பரம் எதிரே உட்கார்ந்தார், துண்டைப் போட்டார். விலை இரண்டே பிடியில் முடிந்துவிட்டது. ஆனால் அவர் கையை விடவில்லை. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாக, "கழுதை ஒரு ஒதை விட்டுது, யானை படுத்துடுச்சி. தோத்தவரு ஊட்டுக்குப் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு இப்ப நான்தாய்யா யோசிக்கணும்" என்றார். மண்டியே சிரித்தது. துண்டுக்கடியில் அவர் கை என் கையை அழுத்திற்று. ஒரு தரம் இல்லை, விட்டு விட்டுப் பல தரம். முடிந்தது, முடிந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தது அந்தக் கை.

என் படிப்பகப் பேச்சு அவர் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. தன் ஆட்கள் முன்னால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? பதிலுக்குப் பதில் சொல்லி, கணக்கைத் தீர்த்து, அடியில் சம்பந்தத்தை உறுதி பண்ணினார். இருபது வருஷம் இதே தொழில் பார்த்தவனுக்கு இது புரியாதா? புரிந்தது செல்வம். நன்றாகவே புரிந்தது. ஆனால் அந்த மூன்று மாசமாக நான் மனதில் உள்ளதை வாயால் சொல்லும் மனிதரின் கட்சி அல்லவா. "கையில என்னாத்துக்கு அமுக்கற? வாயால சொல்லு. இத்தினி பேரு முன்னால சொல்லு, பொண்ணு குடுக்கறேன்னு" என்று கத்திவிட்டேன். சிரிப்பு நின்றது. துண்டுக்கடியில் நடப்பதை வெளியில் சொல்வது எங்கள் தொழிலில் எவனும் செய்யாத காரியம். ஏகாம்பரம் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. நான்தான் உதறினேன். துண்டு தரையில் விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தேன். ரயிலில் வரும்போது பெரிய வீரன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டேன்.

மீதியெல்லாம் உனக்குத் தெரியும். தை வந்தது, போயிற்று. நானும் போகவில்லை, அவரும் வரவில்லை. வைகாசியில் கஸ்தூரியைக் கண்டாச்சிபுரத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டை முழுக்கக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தாய். நீ கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த மாசமே வடக்கே இரும்பாலை வேலைக்குப் போய்விட்டாய். பார்த்த பெண்களையெல்லாம் மூன்று வருஷம் வேண்டாம் என்றாய். உன் அம்மா ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்தாள். நான் அதைத் திறக்கவில்லை.

போன வாரம் விழுப்புரம் போனேன் என்றேனே. வீட்டுக்கு நேராகப் போகத் தைரியம் இல்லை. பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் பையில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, தடிக் கண்ணாடி போட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "யாரு, அமெரிக்கா ஜனாதிபதியா? வாங்க, வாங்க. இந்தத் தடவ எந்த மிருகம் ஜெயிக்கப் போவுது?" என்றார். இப்போதும் அங்கே எலெக்ஷன் நேரம்தானே. பழைய ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு விற்க ஒரு மூட்டை இல்லை. ஆனாலும் எதிரே போய் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டுக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு கையை உள்ளே விட்டார்.

ஐந்து விரலையும் பிடித்து அழுத்தினேன். அவர் திருப்பி அழுத்தவில்லை. "என்னாய்யா பேச மாட்டேங்கிறாரு? யானைக்கு வாய்ப்பூட்டு போட்டாங்களா?" என்று கூட்டத்திடம் கேட்டுக்கொண்டே, அடியில் என் கையை மெல்ல, ரொம்ப மெல்ல, திருப்பி உள்ளங்கையைக் கவிழ்த்தார். சரக்கு வேறு கைக்குப் போய்விட்டது. பெண்ணைச் சரக்கென்று அவர் சொல்லவில்லை செல்வம். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த பாஷை அது ஒன்றுதான். கவிழ்த்த கையை அவர் விடவில்லை, வைத்துக்கொண்டே இருந்தார். நானும் இந்தத் தடவை உதறவில்லை. "யானை மெதுவாத்தான்யா எழுந்துக்கும். நீ வேணா பாரு, இந்த வருசம் கழுதைதான் படுக்கும்" என்று கூட்டத்துக்காக நானும் கத்தினேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வேடிக்கை பார்த்தவர்கள் சிரிப்பு தாங்காமல் வந்த கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

அவரே என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கஸ்தூரி அங்கே இருந்தாள். இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மூத்தது பையன், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவருக்குக் கல்யாணமா மாமா? பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டாள். விக்கிரவாண்டி என்றேன். "கிட்டத்துலதான். நல்லதாப் போச்சி" என்றாள். "நான் இந்த நெலமைல வர முடியாது. அப்பாவும் அம்மாவும் வருவாங்க" என்றாள். பேச்சில் ஒரு துளி கசப்பு இல்லை. நான் எழுந்து கிளம்பும்போது, ஏதோ ஞாபகம் வந்தவள் போல, "ஏன் மாமா, அந்த அமெரிக்காக்காரரு, நீங்க ரொம்ப நல்லவருன்னு சொல்வீங்களே, அவரு இப்ப என்னா பண்றாரு?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டக் கேட்கவில்லை. ஊர்ப்பக்கத்து மனுஷர் ஒருவரை விசாரிப்பது போலத்தான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை செல்வம். உயிரோடு இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா, பெண்டாட்டி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. அவர் பேரைச் சொல்லி உன் வாழ்க்கையைத் தூக்கிப் போட்டவன், அப்புறம் அவரை ஒருநாளும் விசாரிக்கவில்லை. "தெரியலியேம்மா" என்றேன். "அப்டியா" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் எப்படியோ நடந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

கொள்கையை விட்டுவிடு என்று உனக்குச் சொல்ல வரவில்லை. நான் விடவில்லை. இந்தத் தடவையும் யானைக் கட்சியே ஜெயிக்கட்டும் என்றுதான் இருக்கிறேன், பர்மிட்டும் லைசென்ஸும் மனுஷனைக் கெடுக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் குடும்பத்துக்குள் சர்க்கார் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், ஒரு தேச எலெக்ஷனையே கூட்டிவந்து நம் வீட்டுக்குள் விட்டேன். உனக்கும் நாளைக்கு நாலு பேர் கேட்கிற இடம் கிடைக்கும். சிரிக்க வைக்கத் தோன்றும். அப்போது யாருடைய பெண், யாருடைய பிள்ளை அந்த வார்த்தைக்கு விலை கொடுக்கும் என்று ஒரு நிமிஷம் பார். வருகிற பெண் கோபத்தில் ஏதாவது கத்தினால் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. கத்திக்கொண்டே உன் தட்டில் சோறு போடுகிறாளா என்று பார். போடுகிறாள் என்றால் கை சொல்வதை நம்பு. கிணற்றடியில் நீ கேட்டாயே, அங்கே யார் ஜெயித்தால் நமக்கு என்ன என்று. அன்றைக்கே உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் நாலு வருஷம் ஆயிற்று. மன்னித்துக்கொள் என்று மகனிடம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

மாமா கல்யாணத்துக்கு வருவார். பந்தலில் நுழையும்போதே உன்னையும் என்னையும் அமெரிக்காவையும் சேர்த்துக் கேலி பண்ணுவார், எல்லாரும் சிரிப்பார்கள், நீயும் சிரி. பிறகு ஆசீர்வாதம் பண்ண வந்து உன் கையைப் பிடிப்பார். மேலே துண்டு இருக்காது. அவராக விடுகிறவரை நீ விடாதே.

அப்பா